லேட்டாகப் போகிற வம்சம்

வயதான பெண் யார் வந்து உட்கார்ந்தாலும், கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டியபடியே அக்கா கேட்பது ஒன்றுதான்: “உங்க அம்மா எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க?” இந்தப் பார்லரில் தரையில் விழும் முடியைக் கூட்ட வந்து எனக்குப் பதினோரு வருடம். அந்தக் கேள்வி ஒரு நாளும் தப்பியதில்லை. எழுபது என்று சொன்னால் ‘உச்’ கொட்டுவார். தொண்ணூறு என்றால் கத்தரி நின்றுவிடும். “அப்போ நிறையவே சேத்து வச்சுக்கோங்க.”

அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வலது கட்டைவிரல் மூட்டு வீங்கிக் கிடக்கிறது. சாயங்காலமானால் சீப்பு நழுவும். முடி வெட்டிச் சேர்த்த பணத்தை எல்லாம் போன வருடம் ஆன்யூட்டியில் போடத் துணிந்தார். மொத்தமாகக் கொடுத்துவிட்டால் உயிர் இருக்கும்வரை மாதாமாதம் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும்.

அதில் இரண்டு வகை என்றார் ஏஜென்ட். ஒன்றில், நாம் இறந்த பிறகு போட்ட பணம் வாரிசுக்குத் திரும்பும். மாதத் தொகை குறைவு. இன்னொன்றில் திரும்பாது, மாதத் தொகை கூடுதல். கூட வந்திருந்த அண்ணன் மகன் முதல் வகையில் விரலை வைத்தான். அக்காவும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அதன் பிறகு அவருக்கு வேலையில் கவனம் இல்லை. ஒரு வாடிக்கையாளரின் முன்முடியைக் கோணலாக வெட்டினார். பத்திரம் வந்த நான்காம் நாள், வேண்டாம் என்று சொல்ல இன்னும் அவகாசம் இருக்கையில், இருவரையும் பார்லருக்கே வரவழைத்தார்.

“இது வேணாம். இன்னொண்ணைக் குடுங்க.”

“நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா, போட்டதெல்லாம் கம்பெனிக்குப் போயிடும்மா.”

“நாளைக்கே போயிட்டா எனக்கு ஏது தம்பி செலவு? போகலைன்னாதான் செலவு. சீக்கிரம் போறவங்க விட்டுட்டுப் போறதைத்தானே லேட்டாப் போறவங்களுக்குக் குடுக்கறீங்க? நாங்க லேட்டாப் போற வம்சம்.”

ஏஜென்ட் சிரித்தார். அண்ணன் மகன் சிரிக்கவில்லை. “நான் பாத்துக்க மாட்டேனா அத்தை?”

“பாத்துப்படா. எங்கம்மா தொண்ணூத்தி மூணு வரைக்கும் இருந்தா. நாலு பிள்ளைங்க, மாசத்துக்கு ஒரு வீடு. பையைப் பிரிக்கவே மாட்டா. என் முறை வந்தா நானும்தான் தேதியை எண்ணினேன். பெத்த பொண்ணு நானே எண்ணினேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா அந்தத் தலையைக் கலைத்துவிட்டார். “உனக்கு ஆயுசுக்கும் முடிவெட்டு ஓசி. போ.”

புதுப் பத்திரம் வந்து ஏழு மாதம் ஆகிறது. அக்கா இப்போது காலையில் மட்டும் வருகிறார். அண்ணன் மகன் பேசுவதில்லை. முடியை வேறெங்கோ வெட்டிக்கொள்கிறான். ஐந்தாம் தேதி பணம் வந்த செய்தி வரும்போது அக்கா ஒருமுறை பார்த்து, கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியைத் தட்டுகிறார். “அடுத்தது யாரும்மா?”