சொல்லாமல் போர்த்திய பொன்னாடை

யாராவது பொன்னாடையை விரித்தாலே நான் இப்போதும் எழுந்து வெளியே போய்விடுகிறேன். விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில், அந்த ஜரிகைத் துணி ஒரு பெண்ணின் தோளில் பின்னாலிருந்து வந்து விழுந்ததை நான் மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

அந்த அக்கா விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர். ஒரு நாள் தோட்டத்தில் ஒருவன் பின்னாலிருந்து அவர் முகத்தில் துண்டைப் போட்டு இழுத்துப் போயிருக்கிறான். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. அவன் இன்றும் வெள்ளை வேட்டி கட்டி எல்லாக் கல்யாணத்திலும் முன்வரிசையில் உட்காருகிறானாம். ஊரைவிட்டுத் திண்டிவனத்திலிருக்கும் தங்கை வீட்டுக்கு வந்தது அக்காதான். மகள் விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவளைப் பார்க்கப் போகவும் அவரால் முடியவில்லை. பஸ்ஸில் தனக்குப் பின்சீட்டில் யாராவது உட்கார்ந்தாலே மூச்சடைத்துப் பாதி வழியில் இறங்கிவிடுவார். "எம் பொண்ணப் பாக்கணும் டீச்சர். பஸ்ல குந்திக்கினு போவணும். அவ்ளோதான்" என்று என்னிடம் வந்தார்.

திண்டிவனம் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில், ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நான் இப்படிப்பட்ட பெண்களுக்கு மென்மையான உடல் அசைவுப் பயிற்சி கொடுத்துவந்தேன். பாதத்தைத் தரையில் அழுத்துவது, மூச்சோடு தோளை ஏற்றி இறக்குவது, கழுத்தை மெல்லத் திருப்பிப் பின்னால் பார்ப்பது, அவ்வளவுதான். பயந்த உடம்புக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. அது அசைந்து அசைந்து தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே இரண்டே சட்டம்: கேட்காமல் யாரையும் தொடக்கூடாது, சொல்லாமல் பின்னால் போகக்கூடாது. முதல் மாதம் முழுக்க அக்கா நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு சாண், ஒரு முழம் என்று அது முன்னே நகர்ந்தது. "அக்கா, பின்னால வர்றேன்" என்று சொல்லிவிட்டு நான் நடப்பேன். அவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார். ஆறு மாதம் கழித்து, பஸ்ஸில் நடுச்சீட்டில் உட்கார்ந்துபோய் மகளைப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது வேகவைத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாங்கிவந்து என் மடியில் கொட்டினார்.

அதைச் சும்மா விடுவார்களா? எங்கள் நிறுவனத்துக்கு ஆண்டு விழா வந்தது. "நம்ம சக்சஸ் ஸ்டோரியே அவங்கதான், மேடையேத்துங்க" என்றார் நிர்வாகி. ஒருத்தி பட்ட பாட்டை வடை மாதிரித் தட்டில் வைத்து விருந்தாளிக்கு நீட்டுகிற புத்தி. எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் "அஞ்சு நிமிஷந்தான் அக்கா" என்று சொல்லிக் கூட்டிப் போனது நான்தான்.

அக்கா மைக் முன்னால் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தபோதே, சிறப்பு விருந்தினர் பொன்னாடையை விரித்துக்கொண்டு அவருக்குப் பின்பக்கமாகப் போனார். நம் ஊர் மரியாதைதானே, யாருக்கும் தப்பாகப் படவில்லை. எனக்குப் பட்டது. "அக்கா, பின்னால வர்றாங்க." மூன்றே சொல் போதும். நிர்வாகி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. துணி மேலே பட்டதும் அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு மேடையிலேயே சுருண்டுவிட்டார். "சந்தோஷத்துல அழறாங்க" என்று மைக்கில் அறிவித்தார் நிர்வாகி. கைதட்டல் இன்னும் பெரிதானது. அந்த நிர்வாகியின் முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை, அந்த மாதச் சம்பளம் வாங்கியபிறகுதான் வேலையை விட்டேன்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். தாழி என்னவோ தானாக உடைந்த மாதிரி.

போன வாரம் திண்டிவனம் பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். தூணில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு, மகளிடம் சேர்க்கச் சொல்லி ஒரு பையை விழுப்புரம் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பஸ்ஸில் ஏறவில்லை. நான் முன்பக்கமாகவே போய் நின்றேன். "அந்த விருந்தாளிக்கு எதுவும் தெரியாது அக்கா" என்றேன்.

"அவருக்குத் தெரியாதுதான் டீச்சர்" என்றார். "நீங்க, எல்லாம் தெரிஞ்சிதானே கை தட்டிக்கினு நின்னீங்க."