மாநிலம் சொல்லாத தேடல்

தமிழில் கேட்டால் தமிழ்நாடுதான் பதில் சொல்ல வேண்டுமா? ஆந்திராவின் நகரியில் எங்கள் தெருவில் இணைய மையம் நடத்துபவர் அப்படித்தான் நம்பினார். எதிர்வீட்டு விசைத்தறிக்கார அம்மா, மகளின் கல்லூரி உதவித்தொகைக்காக அவரிடம் போயிருந்தார். அவர் தமிழில் இரண்டு சொற்களைத் தட்டி, முதலில் வந்த பக்கத்தைத் திறந்தார். அது தமிழ்நாட்டு அரசின் திட்டம் என்றதும் கையை விரித்துவிட்டார்.

“நம்ம ஆந்திராவுக்கு இல்லக்கா. நெட்டே சொல்லிக்கினு கீது, நான் இன்னா பண்ண?”

மகளைத் தறியில் உட்காரவைக்கப் போவதாக அந்த அம்மா எங்களிடம் வந்து அழுதார். ஒரு பெண்ணின் படிப்பை ஒற்றைச் சொடுக்கில் முடித்துவைக்கும் சோம்பலை அறியாமை என்று மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாற்காலியும் பெயர்ப்பலகையும் இருந்தால் நிபுணராகிவிடலாம் போலும். இணைய மையத்துக்குப் போய், அவருடைய கணினியிலேயே அதே கேள்வியைத் தெலுங்கில், மாநிலத்தின் பெயரையும் நடப்பு ஆண்டையும் சேர்த்துத் தட்டினேன். திட்டம் வந்தது, கெடுவும் இன்னும் முடிந்திருக்கவில்லை.

“தெலுங்குல கேட்டா வேற சொல்லுமா இது?” என்றார், கணினியைக் குற்றம்சாட்டும் குரலில்.

“கேட்டதுக்குத்தான் சொல்லும்ண்ணா. ஆந்திரான்னு நீங்க கேக்கவே இல்லியே.”

அந்தப் பெண் இப்போது புத்தூரில் படிக்கிறாள். தெருவில் யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவளே தேடித் தருகிறாள்.