காற்றுக்குக் கொடுத்த மருந்து

நாற்காலி மேல் ஏறி நின்று, திரைச்சீலையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார் ரெண்டுவாட்டி. பதினைந்தில் பதினான்கு கழன்றாயிற்று. பையைத் தடவி இன்னொரு முறை எண்ணினார். பதினான்குதான்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். பத்தொன்பது வருடமாக அதே வேலை. சேர்ந்த புதிதில் ஒரு நாள் கதவுப் பூட்டை மாட்டிவிட்டு, சரிபார்க்காமல் இறங்கி வந்துவிட்டார். அன்று ஒரு வக்கீல் இரண்டு மாடிகளுக்கு நடுவில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் இவரைப் பிடிபிடியென்று பிடித்தார். அதிலிருந்து எதையும் ஒரு தடவையோடு விடுவதில்லை. பிரேக் இரண்டு தடவை, அபாய மணி இரண்டு தடவை. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர்தான் ரெண்டுவாட்டி. அது வீடு வரை வந்து மனைவியின் வாயிலும் ஒட்டிக்கொண்டது. கோபம் வந்தால் மட்டும் அவள் ‘என்னங்க’ என்பாள்.

இப்போது வீட்டில் நடந்துகொண்டிருந்த பழுதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. எட்டு வயது மகளுக்கு மூன்று வருடமாக ஆஸ்துமா. காலையும் மாலையும் கொடுக்கும் பழுப்பு இன்ஹேலர் ஒன்று. மூச்சு இழுத்தால் மட்டும் கொடுக்கும் நீல இன்ஹேலர் ஒன்று. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடந்த பத்து நாளாகத்தான் நீலம் கொடுத்தும் இழுப்பு நிற்கவில்லை. இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, நெபுலைசர் வைத்த பிறகே மூச்சு சீரானது. இன்னொரு தடவை இப்படி வந்தால் பிள்ளையை அங்கேயே படுக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மருந்தையும் மீறி வருகிறதென்றால் வீட்டில் ஏதோ ஒன்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எது என்பதில்தான் ஆளுக்கு ஒரு பேச்சு. மனைவிக்கு நூலகத்தில் வேலை. பழைய புத்தகத் தூசியை அவள்தான் துணியோடு கொண்டுவருகிறாள் என்று இவர் நினைத்தார். இவர் சட்டையில் வரும் கிரீஸ் வாடைதான் என்று அவள் நினைத்தாள். இரண்டு பேரும் வாசலிலேயே துணி மாற்றத் தொடங்கினார்கள். மனைவியின் அக்கா தினமும் போனில் ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை வாழைப்பழம், செவ்வாய்க்கிழமை சலவைத் தூள், புதன்கிழமை பூனை. பூனை புதன்கிழமையே கீழ் வீட்டுத் தையல்காரம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. மகள் அழவில்லை. படியில் உட்கார்ந்து கீழ் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பிறகு தரைவிரிப்பு போயிற்று. பஞ்சுக் கரடி போயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை திரைச்சீலையின் முறை.

“அடுத்து என்னங்க, சுவரைக் கழட்டப் போறீங்களா?” என்றாள் மனைவி. ‘என்னங்க’ வந்துவிட்டது.

“உங்க அக்காதானே சொன்னாங்க.”

“அக்கா சொன்னா அவங்க வீட்டுத் திரையைக் கழட்டச் சொல்லுங்க.”

“என்னையும் கீழ் வீட்டுக்கு அனுப்பிடுங்கப்பா,” என்றாள் மகள், படம் வரைந்துகொண்டே. “அங்க பூனை இருக்கு, திரை இருக்கு, எல்லாம் இருக்கு.”

கடைசிக் கொக்கி கழன்றதும் திரை மொத்தமாகக் கீழே விழுந்தது. வெயிலில் தூசி எழுந்து நின்றது. மகள் இருமினாள். இன்னொரு தடவை இருமினாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ரெண்டுவாட்டி குதித்து இறங்கி, அலமாரிப் பெட்டியிலிருந்து நீல இன்ஹேலரை எடுத்தார். குலுக்கினார். காற்றில் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். புஸ், புஸ். நன்றாகத்தான் வந்தது. ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயில் அதைச் செருகி, மறுமுனையை மகளின் வாயில் வைத்தார். ஓர் அழுத்து, ஐந்து மூச்சு. அடுத்த அழுத்து, ஐந்து மூச்சு. ஆறு அழுத்தும் முடிந்தது. மருந்துக் கணக்கு எழுதும் நோட்டில் மனைவி ஆறு கோடு போட்டாள். மகளின் தொண்டைக்குழி உள்ளே போய் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

“மருந்து தீந்துபோச்சோ?” என்றார்.

“இதோ கோடு போட்டிருக்கேன், மொத்தமே எழுபத்தொண்ணு. டப்பாவில இருநூறுன்னு போட்டிருக்கு.”

“சத்தமும் நல்லாத்தானே வருது.”

அதற்கு மேல் நிற்க நேரமில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மூச்சு வாங்குவதற்கு நடுவிலும் அவள் கீழ் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் முகமூடியை வைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் மகளின் உதட்டில் நிறம் திரும்பியது. பக்கத்தில் நின்ற நர்ஸம்மா நல்ல உயரம், பேச்சில் வேகம். ரெண்டுவாட்டி அவரிடம் தன் கண்டுபிடிப்புகளை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார்: பூனை, கிரீஸ், வாழைப்பழம்.

“அதெல்லாம் இருக்கட்டும். நீல மருந்தை வீட்டுல யாரு கொடுக்கிறது?”

“நான்தாங்க.”

“எப்படிக் கொடுப்பீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க.”

அவர் பையிலிருந்து எடுத்துக் குலுக்கினார். காற்றில் இரண்டு தடவை அழுத்தினார்.

“நில்லுங்க. காத்துக்கு எதுக்கு மருந்து? அதுக்கும் வீசிங்கா?”

“செக் பண்றேங்க. இதுக்கு முந்தி வச்சிருந்தது ஒரு நாள் அடைச்சுக்கிட்டு வரவே இல்ல. அதுலேர்ந்து பாத்துட்டுத்தான் கொடுப்பேன்.”

“கொடுக்கும்போது மட்டுமா?”

“இல்லங்க. காலையில வேலைக்குக் கிளம்பும்போது ரெண்டு, சாயங்காலம் வந்ததும் ரெண்டு. திடீர்னு வேணும்னா ரெடியா இருக்கணுமில்ல.”

மனைவி மெதுவாகத் திரும்பினாள். “தினமுமா?”

“உனக்குத் தெரியாதா?”

“புஸ் புஸ்னு கேக்கும். கதவுப் பூட்டுக்கு எண்ணெய் அடிக்கிறீங்கன்னு நினைச்சேன்.”

“இதைத் திறந்து எத்தனை நாளாச்சு?” என்று நர்ஸம்மா கேட்டார். மனைவி நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். ஏழு வாரம்.

“நாப்பத்தொம்பது நாள், நாளுக்கு நாலு. நூத்தித் தொண்ணூத்தாறு காத்துக்கு. நோட்டுல இருக்கிற எழுபத்தொண்ணு பிள்ளைக்கு. இருநூறு எப்பவோ முடிஞ்சுபோச்சு.”

“ஆனா சத்தம் வருதேங்க.”

“மருந்தைத் தள்ளுற வாயு மிச்சம் இருக்கும். சத்தம் வரும், மருந்து வராது. குலுக்கிப் பாத்தாலும் தெரியாது. இந்த மாடல்ல எண்ணிக்கை காட்டாது, நாமதான் எண்ணணும்.”

ரெண்டுவாட்டி கையிலிருந்த நீல டப்பாவைப் பார்த்தார். பத்து நாளாக வீட்டைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறார். பிள்ளையின் மூச்சுக்கு வைத்திருந்ததைத் தினம் நான்கு தடவை தன் கையாலேயே வெறும் காற்றில் விட்டிருக்கிறார், அதுவும் பிள்ளைக்காகவே. சோதித்துப் பார்த்து எந்த லிஃப்ட்டின் பிரேக்கும் தீர்ந்துபோனதில்லை. இது எப்படி நடந்தது என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே தவறினோம் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. சரிபார்த்தது தப்பா?

“புதுசு திறக்கும்போது காத்துல அடிச்சுப் பாக்கணும், எத்தனை தடவைன்னு உள்ள இருக்கிற தாள்ல போட்டிருக்கும். ரொம்ப நாள் தொடாம இருந்தாலும் பாக்கணும். தினமும் வேணாம்,” என்றார் நர்ஸம்மா. “அடைப்பு வராம இருக்க, உள்ள இருக்கிற டப்பாவை எடுத்துட்டு, வெளிக்கூட்டை வாரம் ஒருநாள் கழுவிக் காயவைங்க. கை சும்மா இருக்கலைன்னா அதைச் செய்யுங்க.”

முகமூடியைத் தூக்கிவிட்டு மகள் கேட்டாள். “அப்போ பூனை?”

“போடு கண்ணு, முடியட்டும்.” நர்ஸம்மா முகமூடியைச் சரிசெய்தார். “பூனை மேல தப்பு இருக்கா இல்லையான்னு எனக்கும் தெரியாது. ஒரே வாரத்துல பத்து சாமானை மாத்தினா எதுன்னு யாருக்குத் தெரியும்? அலர்ஜி டெஸ்ட்டுக்கு எழுதித் தரச் சொல்றேன். அதுவரைக்கும் பூனை கீழேயே இருக்கட்டும். திரையைத் துவைச்சு மாட்டுங்க. அக்காவை ரெண்டு நாள் போன் பண்ண வேணாம்னு சொல்லுங்க.”

பத்து நாளில் மனைவி அன்றுதான் சிரித்தாள். படுக்க வைக்க வேண்டியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் புது நீல இன்ஹேலரோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

திட்டு விழும் என்று சாப்பாடு முடியும் வரை காத்திருந்தார் ரெண்டுவாட்டி. மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டே, “நானும் நாம கொடுத்ததை மட்டும்தானே எழுதினேன். காத்துல போனதை எழுதலையே,” என்றாள். அது திட்டா, சமாதானமா என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் காலை, சீருடை போட்டுக்கொண்டதும் கால்கள் தாமாகவே அலமாரிக்குப் போயின. பெட்டியைத் திறந்தார். கட்டைவிரல் டப்பாவின் தலையில் போய் உட்கார்ந்தது.

“அப்பா,” என்றாள் மகள், வாயில் ரொட்டியோடு. “கையை எடுங்க.”

எடுத்தார். பழுது பார்த்த தேதியை எழுதி லிஃப்ட் அறையில் தொங்கவிடும் மஞ்சள் அட்டை ஒன்றை வேலைப் பையிலிருந்து உருவினார். திறந்த தேதியை எழுதினார். நேற்று புதிதைத் திறந்தபோது காற்றில் விட்டதையும் எழுதினார். அட்டையைப் பெட்டியில் கட்டி, நோட்டையும் பென்சிலையும் அதே கயிற்றில் கோத்தார். பழைய நீல டப்பாவைத் தனியாக ஒரு பையில் போட்டு, மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்க எடுத்துக்கொண்டார்.

படியிறங்கும்போது தையல்காரம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. பூனை வெளியே வந்து அவர் பூட்ஸில் உரசப் பார்த்தது. குனிந்தவர் பாதியில் நின்றார். தொட்டால் ரோமம் கையோடு வருமா, தொடாமல் போனால் அது என்ன நினைக்கும், ஒன்றும் தெரியவில்லை. நிமிர்ந்து, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பூனைக்கு வழிவிட்டு ஓரமாக நடந்து வேலைக்குப் போனார்.