பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவர்

பக்கத்து வீட்டு கேட்டுக்கு இன்று பெயிண்ட் அடிக்கிறார்கள். தின்னர் வாசம் வந்ததும், இன்று என் பிறந்தநாளோ என்று ஒரு கணம் தோன்றிவிட்டது.

விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்று வந்த அப்பா, தென்காசி வீட்டு மாடி அறையில் பழைய கதவொன்றை ஸ்டூல்கள் மேல் கிடத்தி, போர்க்காலத்தில் தான் வேலை பார்த்த விமானதளத்தை அதன்மேல் சின்னதாகச் செய்துகொண்டிருந்தார். ஓடுபாதைக்குச் சிமெண்ட் பூசி, மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் ஏற்றிப் புல்லாக்கி, தீப்பெட்டி அட்டையில் ஜீப்பும் பெட்ரோல் வண்டியும் ஒட்டி, விரல்நுனி உயரத்துக்கு ஆட்களை மரத்தில் செதுக்கி, சாரல் காலத்தில் பெயிண்ட் காயாது என்பதால் எல்லோரையும் நாற்பது வாட் பல்புக்கு அடியில் நிறுத்திவைப்பார். பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு மட்டும், வருடா வருடம் என் பிறந்தநாள் காலையில், பழைய நிறத்தைத் தின்னரால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுவார்.

பத்தாவது பிறந்தநாளில் கேட்டேன்: "இதுல நீங்க எங்கனப்பா நிக்கிய?"

"நான் இதுல இல்லட்டி. நீ பொறக்கப் போறன்னு லீவுல வந்துட்டேன். எனக்குப் பதிலா இவன்தான் டூட்டி பாத்தான். நீ பொறந்த அன்னைக்கு அங்க குண்டு விழுந்துச்சு," என்றார், பிரஷ்ஷிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த வீட்டை இடித்த இடத்தில் இப்போது குற்றாலம் சீசனுக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் இருக்கிறது. வீடு இருந்தவரைக்கும், பிறந்தநாளன்று புதுப்பாவாடை கட்டியதும் நான் முதலில் போய் நின்றது அந்தப் பெட்ரோல் வண்டிக்கு முன்னால்தான். சாமி படத்துக்கு முன்னால் நின்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.