சர்வருக்குள் பலகை

அந்த யோசனை பாம்பன் ஜெட்டியில்தான் வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டபோதெல்லாம் வராதது, டீ குடிக்கப் போன இடத்தில் வந்தது. எதிரே நின்ற விசைப்படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீன் போடும் அறைக்குள் இறங்கி நின்ற ஒருவர், இரண்டு பக்கமும் வெட்டியிருந்த காடிகளில் பலகைகளைச் செருகி அறையைத் தனித்தனியாகப் பிரித்தார். ஐஸ் சரசரவென்று ஒரு பக்கம் கொட்டியது, பலகையில் மோதி அங்கேயே நின்றது. மற்ற பக்கங்கள் காலியாகக் கிடந்தன.

நான் டம்ளரோடு குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னலே, உள்ள விழுந்தா உன்னையும் ஐஸ்ல போட்டு லாரி ஏத்திருவோம்" என்றார் அவர்.

"பலகை இல்லேன்னா என்னண்ணே ஆகும்?"

"எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சரிஞ்சு கெடக்கும். வேணுங்கிற மீனை எடுக்க முடியாது."

எங்கள் சர்வரில் நடந்ததும் அதேதான். அதற்குள் ஒரு பலகைகூட இல்லை.

சர்வர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாட்டுப்படகு மீனவர் சங்க அலுவலகத்தில், பீரோவுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர். உப்புக் காற்றில் பின்பக்கத் தகடு துருவேறியிருக்கும். நான் சிக்கல் என்ற ஊர்க்காரன், வயல்காட்டுப் பிள்ளை, நீச்சல் தெரியாது. இன்ஜினியரிங் முடித்த கையோடு இந்தச் சங்கத்துக்கென்று தனியாக ஒரு செய்திச் செயலியை நிறுவிக் கொடுத்தேன். எல்லோரும் வைத்திருக்கும் செயலியில் காற்று எச்சரிக்கை எல்லாம் காலை வணக்கப் படங்களுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் புதைந்துபோனது. இதில் கடல் பேச்சு மட்டும் என்பது ஏற்பாடு. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் காற்றுச் செய்தி அனுப்புவார். அவர் அனுப்பினால் கடலுக்குப் போன வல்லங்கள், அதாவது நாட்டுப்படகுகள், கரை திரும்பும்.

ஒரு நாள் காலை அவர் அனுப்பியும் திரும்பவில்லை.

"கச்சான் காத்து கூடுது, திரும்பி வாங்க" என்று அவர் தட்டிய வரி யாருக்கும் போகவில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் ஃபோன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், அதுவாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குந்துகால் கரையிலேயே நின்றவர்களுக்கும் வரவில்லை. பார்த்தால், டிஸ்க் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. புதுச் செய்தியை எழுதி வைக்க இடமில்லாமல் டேட்டாபேஸ் அதை வாங்கவே மறுத்திருந்தது. அக்காவின் ஃபோனில் மட்டும் அந்த வரி, பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரக் குறியோடு காத்துக்கொண்டிருந்தது.

எல்லோரும் கரை சேர்ந்துவிட்டார்கள். ஒரு வல்லம் மட்டும் வலையை அறுத்துக் கடலிலேயே விட்டுவிட்டு வந்தது. அந்த வல்லத்துக்காரர் ஈரச் சட்டையோடு அலுவலகத்துக்குள் வந்தார்.

"ஏம்மா, நீ சொல்லுவேன்னுதான நாங்க போறோம். தூங்கிட்டியா?"

"அனுப்புனேண்ணே."

"எங்கன அனுப்புன? எனக்கு வரல. அவனுக்கு வரல. கடல்ல போட்டியா?"

சில்லறைக் கோப்புகள் சிலதை அழித்து, தற்காலிகமாகக் கொஞ்சம் இடம் பண்ணிக் கொடுத்தேன். ஆனாலும் அதற்குப் பிறகு அக்கா எது அனுப்பினாலும் "நெசந்தானா?" என்று நாலு பேர் ஃபோனில் கேட்டார்கள். சிலர் அதுவும் கேட்பதில்லை, வானத்தைப் பார்த்துவிட்டு அவர்களாகவே போனார்கள். எனக்குப் பயம் அங்கேதான். அக்காவின் பேச்சு எடுபடாமல் போனால், அடுத்த கச்சானில் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தும் பிரயோசனம் இல்லை.

டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருந்தது எது என்று தேடினேன். இன்ஜின் சத்தம். கடலில் யாரும் எழுத்தைத் தட்டுவதில்லை, குரலில்தான் பேசுவார்கள். பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும் ஃபோனில், ஈரக் கையால் பதிவை நிறுத்துவது லேசில்லை. "இந்தா வாரேன்" என்று ஒரு வார்த்தை, பிறகு கரை சேரும் வரை டடடடவென்று இன்ஜின். அப்படி நூற்றுக்கணக்கில் கிடந்தன. அழித்துவிட்டால் தீர்ந்தது என்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் கையை வைத்தேன்.

"தம்பி, அத அழிச்சிராத" என்றார் அக்கா.

"வெறும் சத்தம்க்கா."

"உனக்குச் சத்தம். என்னையக் கத்திட்டுப் போனாரே, அவரு வீட்டுப் பேரப்பிள்ள இந்தச் சத்தத்தப் போட்டாத்தான் தூங்குது. அவரு மருமக தெனமும் தேடி எடுத்துப் போடுறா."

திட்டியவருக்காக இவர் பரிந்து பேசுகிறார். நான் கையை எடுத்துவிட்டேன். அழிக்கவும் கூடாது, அடைக்கவும் கூடாது என்றால் என்ன செய்வது என்ற கேள்வியோடுதான் அன்று டீக்குப் போனது.

இங்கே விசைப்படகும் நாட்டுப்படகும் நாள் மாற்றி முறை வைத்துத்தான் கடலுக்குப் போகும். விசைப்படகில் ஐஸ் ஏறுகிறது என்றால் மறுநாள் அவர்கள் முறை. நாட்டுப்படகுகள் கரையில் நிற்கும். அந்த நாளில் சர்வரை நிறுத்தினால் யாருக்கும் குறையில்லை. ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய், வேகமான சின்ன டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். எழுத்துச் செய்திகள் இருக்கும் டேட்டாபேஸ் அதற்கு மாறியது. குரலும் படமும் பழைய பெரிய டிஸ்க்கிலேயே இருக்கட்டும். சர்வர் தன்பாட்டுக்கு எழுதித் தள்ளும் லாகு என்னும் குறிப்புகளுக்கு அதே டிஸ்க்கில் ஒரு ஓரம், அந்த ஓரத்தைத் தாண்ட முடியாதபடி. போதாததற்கு, சின்ன டிஸ்க்கில் எதற்கும் ஆகாத ஒரு பெரிய கோப்பைப் போட்டு 'மணல் மூட்டை' என்று பெயர் வைத்தேன். பாய்மர வல்லத்தில் பாரத்துக்கு மணல் மூட்டை போடுவார்கள் அல்லவா, அது மாதிரி. ஆபத்து என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டால் உடனே இடம் கிடைக்கும்.

கம்ப்யூட்டர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது வல்லத்துக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன கம்ப்யூட்டரு, அக்காவுக்குச் சாட்சி சொல்ல வந்தியா?"

அக்காவின் ஃபோனை வாங்கி, அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்த அந்த வரியையும் பக்கத்திலிருந்த கடிகாரக் குறியையும் காட்டினேன். ஃபோனைக் கண்ணருகே பிடித்துப் படித்தார்.

"அனுப்பிருக்கா. சரி. ஓடாத பஸ்ஸுல ஏறி உக்காந்தது யாரு குத்தம்?"

"பஸ்ஸு குத்தம்ணே" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஓட்டிக் காமிங்க. நம்புறேன்."

அதைத்தான் அடுத்து செய்யப் போகிறோம். நாட்டுப்படகு முறை வரும் நாளில், காற்று இல்லாத காலையாகப் பார்த்து, அவர் கரை தெரியும் தூரத்தில் வல்லத்தை நிறுத்துவார். நான் பெரிய டிஸ்க்கை அந்த இன்ஜின் சத்தங்களின் நகல்களாலேயே விளிம்பு வரை நிரப்புவேன். அப்போது குரல் போகாது, படம் போகாது. எழுத்து மட்டும் போக வேண்டும். டிஸ்க் நிரம்பியதும் நான் தலையாட்டுவேன், அக்கா ஒரே ஒரு வரி அனுப்புவார்.

என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவரு படிச்சிட்டுக் கரைக்கு வந்து சொல்லட்டும்" என்றார்.