மாடுகளின் பிறந்தநாள்

யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக ஒக்லாந்துக்கு வந்த இரண்டாவது வருடம், விருந்தினரைத் தங்கவைக்கும் ஒரு பால்பண்ணைக்கு எங்களைக் கூட்டிப்போக அப்பா ஆசைப்பட்டார். பென்ரோஸில் ஒரு கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி அடுக்குகிற மனிதர் கொஞ்சம் புல்லைப் பார்க்க விரும்பினால் தப்பில்லை. “ஊரில சும்மா பாத்த மாட்டை இஞ்ச புக் பண்ணியெல்லோ பாக்க வேணும், அத்தான்!” என்று நக்கலடித்த மாமாதான் முதல் ஆளாகக் காரில் ஏறினார்.

மறுநாள் பட்டிப்பொங்கல். மாடுகளுக்கு நன்றி சொல்லும் நாளில் இத்தனை மாடுகளுக்கு நடுவே அம்மாவால் சும்மா இருக்க முடியுமா? விடியலில், அப்பா அறையில் தூங்கிக்கொண்டிருக்க, பால் கறக்கும் கொட்டகைக்கு முன்னால் காத்துநின்ற மாடுகளுக்குக் குங்குமம் குழைத்துப் பொட்டு வைத்தார். நெற்றியைத் தர மறுத்த மாடுகளுக்கு மாமா பின்புறத்தில் அப்பினார். நானும் என் பங்குக்குத் தாராளமாக அப்பினேன்.

மாடுகள் உள்ளே போனதும் பண்ணைக்காரர் கத்திக்கொண்டே இயந்திரத்தை நிறுத்தினார். அந்தப் பண்ணையில் பின்புறத்தில் சிவப்பு இருந்தால் மருந்து ஏற்றிய மாடு என்று அர்த்தம். அதன் பால் கலந்தால் தொட்டி முழுவதையும் கொட்ட வேண்டும். வெளியே வந்தவர் மாமாவின் சிவந்த கையைப் பார்த்தார். அம்மாவும் மாமாவும் ஆங்கிலம் தெரிந்த என்னை முன்னே தள்ளினார்கள்.

“விசாவைப் பறிப்பாங்களோ மாமா?”

“முதல்ல வாயைத் திறந்து கதையடா!”

என் மனதில் நாங்கள் ஏற்கெனவே ஊருக்குத் திரும்பும் விமானத்தில் ஏறி, அதில் கொடுத்த சாப்பாட்டையும் தின்று முடித்திருந்தோம். இன்றைக்கு மாடுகளுக்குப் பிறந்தநாள் என்று ஆங்கிலத்தில் உளறினேன். எல்லா மாட்டுக்குமா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும்தான் என்றேன். பொய்யைச் சுருக்கும் நிலையில் நான் இல்லை.

அவர் சிரித்த சிரிப்பில் மாடுகள் மிரண்டன. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு அம்மாவுக்கு முன்னால் குனிந்தார்.

“நெத்தியில வையக்கா,” என்றார் மாமா. “மற்றப் பக்கம் வேண்டாம்.”

இந்தக் கூத்தைச் சொல்ல அப்பாவிடம் ஓடினேன். பண்ணைக்காரர் கத்தியது எங்கள் அறைவரை கேட்டிருக்கிறது. அறை காலி. உடுப்புகள், போர்வை, பாதி தின்ற பாண் ரொட்டிகூடக் காரில் ஏறியிருந்தன. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அப்பா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி இருந்தார்.

“அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. கெதியா.”

இன்னும் ஓர் இரவு எங்களுக்கு அங்கே இடமிருந்தது. அப்பாவுக்குப் பண்ணை அதற்குள் அலுத்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன்.