நனைய விட்ட கொப்பரை

காங்கேயத்துக்கு வெளியே, சென்னிமலை ரோட்டை ஒட்டி, சின்னாத்தாளும் அவள் புருஷன் பொங்கியண்ணனும் ஒரு கொப்பரைக் களம் வைத்திருந்தார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து லாரியில் வரும் தேங்காயை உடைத்து, சிமெண்ட் களத்தில் காயப்போட்டு, எண்ணெய் மில்லுக்குக் கொடுப்பது தொழில். அந்தப் பக்கம் மழை அபூர்வம். ஆனால் வந்தால் அதுதான் எமன். காய்கிற தேங்காய்ப் பருப்பு ஒருமுறை நனைந்தால் போதும், பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும்.

தொண்ணூற்று நான்காம் வருடம், சித்திரை மாதத்து மத்தியானம். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. சோற்றில் கை வைத்திருந்த பொங்கியண்ணன் அப்படியே எழுந்து ஓடினார். சின்னாத்தாளும் வேலைக்கு வரும் காளியாத்தாளும் பருப்பைக் கூட்டிக் குவிக்க, அவர் தார்ப்பாயை இழுத்து மூடினார். ஒரு முனை மட்டும் காற்றில் படபடத்தது.

"ஏனுங்க, இடி உளுகுது, உள்ள வந்துருங்க!"

"இந்த ஒரு மூலதான் அம்மணி. நீ போ, வாரேன்."

அவள் களத்தோரக் கொட்டகைக்குள் கால் வைத்தபோது களம் முழுக்க வெள்ளை வெளிச்சம் அடித்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் தார்ப்பாய்மேல் குப்புறக் கிடந்தார்.

கொப்பரை ஒரு சில்லுகூட நனையவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களே அதைச் சொன்னார்கள். காரியம் முடிந்ததும் மில்காரர் வந்து, நன்றாகக் காய்ந்த சரக்கு என்று மெச்சி ஏற்றிக்கொண்டு போனார். லாரி நகர்ந்ததும் சின்னாத்தாள் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

களத்தை விற்றுவிடச் சொன்னார் பொங்கியண்ணனின் அண்ணன் சென்னியப்பன். வேறு தொழில் தெரியாததால் அவள் விற்கவில்லை.

ஐப்பசியில் மறுபடியும் வானம் இருண்டது. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு களத்தில் இறங்கப்போன காளியாத்தாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள் சின்னாத்தாள்.

"அக்கா, அத்தனையும் நனைஞ்சு போயிருமுங்க!"

"நனையட்டும்."

"ஒரு லோடு பருப்புங்க்கா..."

"இடி அடங்கற வரைக்கும் ஒருத்தரும் எறங்கப்படாது. சொல்லிப்போட்டேன்."

களத்து வேலைக்கு வந்திருந்த பெண்கள் எல்லோரும் கொட்டகை வாசலில் நின்று பார்த்தார்கள். அன்று காலையில்தான் உடைத்துப் பரப்பியிருந்த தேங்காய் மூடிகளில் தண்ணீர் நிரம்பி வழிந்தது.

கறுத்த கொப்பரையை சோப்புக்காரர்கள் அடிமாட்டு விலைக்கு எடுத்தார்கள். "பொம்பள தொழில் பண்ணுனா இப்படித்தான்" என்று சென்னியப்பன் சந்தையில் சொன்னது அவள் காதுக்கும் வந்தது. கழுத்திலிருந்து இறக்கிய தாலிக்கொடியை விற்று, களத்தின் பாதிக்குத் தகரக் கூரை போட்டாள். மேகத்தைக் கண்டதுமே பருப்பை அதற்கடியில் தள்ளிவிடுவார்கள். சரக்கு தப்பியது. ஆனால் வெயில் படும் இடம் சுருங்கியதால் தொழிலும் பாதியாயிற்று. கூலி ஏற்ற முடியவில்லை.

இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்த காளியாத்தாள், பெரிய களம் ஒன்றுக்கு வேலைக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொள்ள வந்தாள்.

"அங்கயும் இடி இடிச்சா உள்ள ஓடியாந்தரோணும், என்ன?" என்றாள் சின்னாத்தாள்.

"செரிங்க்கா."

அந்தக் களத்து முதலாளி அதற்கு விடமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும்.